தேடி வந்தவரின் பெயர்

கொழும்பிலே மென்பொருள் எழுதிச் சீவிக்கும் மருதமுனைக்காரனாகிய நான், சில வருஷங்களுக்கு முன் ஓரிரவு, ‘சஹன’ என்னும் அனர்த்த நிவாரண மென்பொருளின் மூலநிரலைப் படித்துக்கொண்டிருந்தபோது, காணாமற்போனோரைப் பதியும் படிவத்தில், தேடப்படுபவரின் விவரங்களோடு, தேடி வந்தவர் யார், அவருக்கு இவர் என்ன முறை என்று விசாரிக்கும் பகுதியையும் கண்டு, மேலே படிக்க இயலாமல் நின்றுவிட்டேன். அதே இரண்டு கேள்விகளை என் வாப்பாவின் கையெழுத்திலே சிறுபிராயத்தில் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா விடுமுறை. காலையில் கடல் எழுந்து கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போயிற்று; இந்நாட்டிலே மாண்ட 30,000-க்கும் அதிகமானோரில், மிகக் கூடுதலானோரைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டமே.

அந்தப் படிவத்தின் பிறப்பைத் தேடிப் போனேன். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தைச் சூழ்ந்த பொறியியலாளர்கள், சமிந்திர டி சில்வா முதலியோர், அலை வந்த சில நாட்களிலேயே தொண்டர்களாகக் கூடி, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது, எந்த முகாமில் எவர் இருக்கிறார், எவரை எவர் தேடுகிறார் என்பவற்றை ஒரே இடத்தில் பதிவதற்காகப் பீஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் சஹனவை ஆக்கியிருக்கிறார்கள். எவரும் எடுத்தாளலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்தபடியால், 2005-இல் பாகிஸ்தானின் பூகம்பத்துக்கும், 2006-இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவுக்கும் அது சகாயமாயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான 2006-ஆம் ஆண்டு விருதும் அதற்கே கிடைத்தது. சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம். வடமொழி வழியே நம்மிடம் வந்த சகனமோ பொறுமை. இரண்டு அர்த்தமும் அதற்குப் பொருந்துகின்றன.

ஆனால் என் தேடல் அங்கே முடியவில்லை. ஊருக்குப் போய், கைத்தறி நெய்த வாப்பாவிடம் பழைய சீஆர் கொப்பியைக் கேட்டேன். பள்ளிக்கூட முகாமின் வாசலில் ஒரு மேசையைப் போட்டு அவர் எழுதிய கொப்பி அது. மட்டை உப்பிப் போயிருந்தது, சிவப்புக் கோடுகள் மட்டும் பாவுநூல் போல் நேராக இருந்தன. ஒரு பக்கத்தில், தேடுபவர் என்ற நிரலில் ஒரே பெயர் ஐந்து முறை வருகிறது. அதன் பக்கத்து நிரலில் மனைவி, உம்மா, மகன், மகள், மகள் என்று முறை இறங்குகிறது. அந்த ஐந்து வரிகளையும் என்னால் ஒரே மூச்சில் வாசிக்க முடியவில்லை.

என் தொழிலிலோ, ஒரு மனிதரைப் பதிவதென்றால் அவருக்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அப்பால் நகர்வதே எனக்குப் பழக்கமாயிருந்தது. தேடுபவரையும் ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“கெடச்சா ஆருக்கிட்டப் போய்ச் சொல்லுற, மனே?” என்றார்.

மென்பொருள் கட்டுவோர் எல்லோரும் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என்பது என் உறுதியான எண்ணம். கொழும்பிலே கணினிக்கு முன்னிருந்தோரும் மருதமுனையிலே கொப்பியோடு இருந்தவரும், ஒருவரையொருவர் அறியாமலே அதைக் கேட்டிருக்கிறார்கள்.

வாப்பா அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். மகள் என்பதற்கு நேரே, பச்சை மையில், ‘சம்மாந்துறை முகாமில் இருக்கிறாள்’ என்று எழுதியிருந்தது.

“நான்தான் சைக்கிள்ல போய்ச் சொன்ன” என்றார்.