முன்னே ஒரு நாள், பின்னே ஒரு நாள்

கேஷுவல் லீவ் என்பது அற்ப ஆயுசுப் பிராணி. ஜனவரி 1-ம் தேதி பிறக்கும். உபயோகிக்காவிட்டால் டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மண்டையைப் போட்டுவிடும். அதை வருஷம் பூரா பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசி வாரத்தில் பரணைச் சுத்தம் செய்யச் செலவழிக்கும் புண்ணியாத்மாக்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

எங்கள் செக்‌ஷனில் இருந்து ரிடையரான பெரியவர் ஒருவர், ஜெர்மனியில் இருக்கும் மகள் தயவில் டான்யூப் நதியில் கப்பலில் போய்விட்டு வந்தார். பாஸாவ் என்ற ஊரில் ஏறி, வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாக புடாபெஸ்ட் வரை. போட்டோக்களைக் காட்டினார். கோட்டை, இன்னொரு கோட்டை, நடுநடுவே அவருடைய கம்பளிக் குல்லாய். அதற்கெல்லாம் நாங்கள் அசரவில்லை. அசத்தியது அவர் சொன்ன கணக்குதான். கப்பலில் ஏழு நாள். ஆனால் பயணம் பதினோரு நாள். ஏறுவதற்கு முன்னால் இரண்டு நாள், இறங்கிய பிறகு இரண்டு நாள்.

"எதுக்கு சார் நாலு நாள் தண்டம்?" என்றேன்.

"தண்டம் இல்லப்பா. அதுதான் இன்ஷூரன்ஸ். பிளேன் லேட்டானா கப்பல் நிக்காது. நம்ம செலவுல அடுத்த ஊருக்கு ஓடிப் போய்ப் பிடிக்கணும். நாம ஒரு பிளேன்ல வருவோம், பெட்டி அடுத்த பிளேன்ல வரும். அதுக்கு ஒரு நாள். தூக்கம் தெளிய ஒரு நாள். முடியற அன்னிக்குக் காலை டிபன் ஆனதும் ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவான். உடனே அடிச்சுப் பிடிச்சு ஏர்போர்ட்டுக்கு ஓடினா, பார்த்த ஊரெல்லாம் மறந்துடும்."

ஆற்றை வேறு நம்ப முடியாதாம். தண்ணீர் ஏறினால் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. இறங்கினால் தரை தட்டும். 2022 கோடையில் டான்யூப் வற்றிப்போய், செர்பியாவில் இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜெர்மன் கப்பல்களே வெளியே தலையை நீட்டிவிட்டன. அந்த மாதிரி சமயத்தில் கப்பல் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டுவார்களாம். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு பஸ்!

நமக்கு டான்யூப் கிடையாது. ஆனால் பிச்சாவரம் இருக்கிறதே!

என் அப்பா ரிடையர்ட் குமாஸ்தா. அவர் சர்வீஸில் இருந்த காலத்தில் நாங்கள் போன பயணங்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான்: 'போயிட்டு வந்துடலாம்.' விடியற்காலை பஸ் ஏறினால் ராத்திரி வீட்டில் வந்து படுத்தாக வேண்டும். வெளியூரில் அவர் ஊரைப் பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். இதன் பலனாக, அம்மா மூன்று தடவை சிதம்பரம் போயிருக்கிறாள். மூன்று தடவையும் பஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியாகிவிட்டது. சாயங்காலம் திறக்கும்வரை இருந்தால் திரும்பும் பஸ் போய்விடும். "கோபுர தரிசனம் கோடி புண்ணியம்" என்று சொல்லி அழைத்து வந்துவிடுவார். அம்மா கணக்கில் மூன்று கோடி சேர்ந்திருக்கிறது. நடராஜர்தான் பாக்கி.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை. 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன அந்தச் சதுப்பு நிலக் காட்டைப் பார்க்க வேண்டும். இப்போது அவருக்கு எழுபத்து நாலு. இரண்டு முழங்கால்களும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆடுகிற படகில் கால் வைத்து ஏறுவதென்றால் இப்போதே ஏறினால்தான் உண்டு.

ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு, திங்கள். ஒரே ஒரு சி.எல். லெட்டரைப் பார்த்த ஆபீஸர், "ஒன்றரை மணி நேர போட்டிங்குக்கு மூணு நாளாய்யா?" என்றார். "சார், முன்னே ஒரு நாள், பின்னே ஒரு நாள். ஐரோப்பாவில் அப்படித்தான்" என்றேன். ஐரோப்பா என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நம் ஊரில் அந்தப் பெயருக்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது.

முதல் நாள் கடலூர். இங்கே ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கடலூர்' என்று பெயர்ப் பலகையைத் தேடினால், பழைய டவுனில் கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் போய் இறங்குவீர்கள். புது டவுன், பஸ் ஸ்டாண்டு, லாட்ஜுகள் எல்லாம் பக்கத்தில் வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். இந்த ஊர் எழுத்தாளர் விளையும் பூமி. புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்தது கடலூரில். "தண்ணியில ஏதோ இருக்கு" என்றார் அப்பா. லாட்ஜ் தண்ணீரை நானும் இரண்டு டம்ளர் குடித்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரைதான் வந்தது.

பாடலீஸ்வரர் கோயிலில் அம்மா, திருநாவுக்கரசர் கதையைச் சொன்னாள். பல்லவ ராஜா அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் சிவனைப் பாடிக்கொண்டே அந்தக் கல்லையே தெப்பமாக்கி இந்த ஊர்ப் பக்கம் கரையேறினார். பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. "ரிட்டர்ன் டிக்கெட் இல்லாம வந்த முதல் ஆள்" என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரையில் பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு, கெடிலம் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த பக்கம் போனோம். கோட்டை என்று போனால் ஏமாறுவீர்கள், இடிபாடுதான் மிச்சம். ஆனால் அதன் கதை, ரியல் எஸ்டேட் பண்ணுகிறவர்கள் பூஜை அறையில் மாட்ட வேண்டிய கதை. 1690-ல் இங்கிலீஷ்காரர்கள் மராட்டியரிடமிருந்து கோட்டையை விலைக்கு வாங்கியபோது, 'பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்து' என்று பத்திரம். பீரங்கியை நாலா திசையிலும் திருப்பித் திருப்பிச் சுட்டார்கள். குண்டு எட்டின ஊரெல்லாம் கம்பெனிக்கு! கடலூர் டவுனே அப்படித்தான் அவர்கள் கைக்குப் போனது. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு கிராமம் உண்டு. அப்போது சென்னைக்கு கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, இங்கிலீஷ்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமே சில வருஷங்கள் இங்கேதான் இருந்தது. 1756-ல் ராபர்ட் கிளைவ் டெபுடி கவர்னராக வந்ததும் இந்த இடத்துக்குத்தான்.

அப்பா ஒரு கல் மேல் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஏழு ஆனது. பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்து, "கடைசி பஸ் எத்தனை மணிக்குடா?" என்றார்.

"நாம இன்னிக்கு எங்கேயும் போகலைப்பா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இன்னொரு பொட்டலம் சுண்டல் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் திட்டப்படி படகு. காலையில் சிதம்பரம் லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டு, கிள்ளை வழியாக பிச்சாவரம் போய்ச் சேர்ந்தால், காலம் தவறிய மழை. காற்றென்றால் அப்படி ஒரு காற்று. கட்டிப் போட்ட படகுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஆடின. "காத்து நிக்கட்டும் சார், இப்ப விட்டா ஆபத்து" என்றார்கள். நியாயம்தான். ஒன்பது, பத்து, பதினொன்று. காற்று நிற்கவில்லை.

அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "சரி, விடுடா. நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான். கிளம்பலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஊர் வாசலில் கேட்டிருக்கிறேன்! குற்றாலத்தில் அருவி வற்றியிருந்தபோது, ஏற்காட்டில் மூடுபனி விலகாதபோது. சின்ன வயசில் எனக்கு அது கோபமாக இருக்கும். நாமே சம்பளம் வாங்கி லீவு கேட்கும்போதுதான், அவர் அப்படிச் சொன்னது ஆசை இல்லாமல் அல்ல, மறுநாள் காலை பத்து மணிக்கு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால்தான் என்று புரிகிறது.

"நாளைக்கு ஒரு நாள் இருக்குப்பா" என்றேன்.

ஏதோ இங்கிலீஷ் படம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். வெளியூரில் அவர் காதில் அப்படி ஒரு வாக்கியம் விழுந்ததே இல்லை.

திங்கட்கிழமை வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். மத்தியானம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். சிதம்பரம் வந்து கொத்சு சாப்பிடாமல் போகிறவன் நாஸ்திகன் என்பது என் கட்சி. அப்புறம் லாட்ஜில் மூன்று பேரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினோம். வெளியூரில் பகல் தூக்கம் என்பது ராஜபோகம். அனுபவித்துப் பாருங்கள்.

சாயங்காலம் கதவு திறந்திருந்தது. அம்மா உள்ளே போனாள். பொன் கூரையில் 21,600 ஓடுகள். ஒரு மனுஷன் ஒரு நாளில் விடும் மூச்சுக் கணக்கு. 72,000 ஆணிகள், நாடிகளின் கணக்கு. இதையெல்லாம் நான் படித்து வைத்துக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அம்மா கேட்கவில்லை. தூக்கிய திருவடியைப் பார்த்தபடி நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, "இவ்வளவு கிட்டயா இருந்தார்?" என்றாள். அவ்வளவுதான். அப்பா கடிகாரம் கட்டிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

அர்த்தஜாமம் வரை இருந்தோம். அந்த நேரத்தில் எல்லாத் தலங்களின் சிவகலையும் தில்லையில் வந்து ஒடுங்குகிறது என்பது ஐதீகம். பாருங்கள், சாமிகளே ராத்திரி தங்கல் போட்டுத்தான் போகின்றன. ஆசாமிகளான நாம்தான் 'போயிட்டு வந்துடலாம்' என்கிறோம்!

திங்கட்கிழமை வெளுத்த வானம், கண்ணாடி மாதிரி தண்ணீர். துடுப்புப் படகாகப் பார்த்து ஏறினோம். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். மரங்கள் மேலே கூரை போட்ட குறுகலான சந்துகளில் துடுப்புதான் போகும். அப்பாவை நானும் படகுக்காரரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இறக்கினோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலோரத்தில் சுமார் 1,100 ஹெக்டேர் காடு. சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்குள் பந்தக்கால் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே வந்து மூச்சு விடுகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில், இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் அலையின் வேகம் தணிந்தது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

"ஐயா, அதோ அந்த மரத்தைத் தொட்டுடாதீங்க. பால் கண்ணுல பட்டா கண்ணு போயிடும். அதான் தில்லை" என்றார் படகுக்காரர்.

"எந்தத் தில்லை, தம்பி?"

"சிதம்பரத்துக்குப் பேரு குடுத்த தில்லைதான். ஊர்ல ஏதுங்க இப்ப? இங்கதான் இருக்குது."

கிளை தாழ்ந்த இடங்களில் குனியச் சொன்னார். அப்பா குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு திருப்பத்தில் துடுப்பை நிறுத்தினார்கள். எங்கோ ஒரு பறவை, தண்ணீர் சொட்டும் சத்தம். "எம்.ஜி.ஆர். இந்த வழியாத்தான் வந்திருப்பார், இல்லே?" என்று ரகசியம் மாதிரி கேட்டார். படகுக்காரர் அப்போது பிறந்தே இருக்க மாட்டார். இருந்தாலும், "ஆமாங்க ஐயா, இதே சந்துதான்" என்றார். நல்ல மனுஷர்.

ஆகவே, நண்பர்களே, சில சட்டதிட்டங்கள். எதற்காகப் போகிறீர்களோ அதைக் கடைசி நாளில் வைக்காதீர்கள்; நடுவில் வையுங்கள். தவறினால் பிடிக்க ஒரு நாள் மிச்சம் வேண்டும். அந்த நாளில் அவசர வேலை எதையும் திணிக்காதீர்கள். தள்ளி வைக்கக்கூடியதாகப் போடுங்கள். கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸைப் பாருங்கள், உல்டாவாக வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் ஜாக்கிரதை. 'தானே' புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், ஒரு நாள் என்ன, நாலு நாள் கூடுதல் வைத்தாலும் போதாது.

செலவு? இரண்டு ராத்திரி லாட்ஜ் வாடகை அதிகம்தான். அம்மாவின் மூன்று கோடியில் கழித்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கரில் நடக்கிறார். போன வாரம் அம்மா, "தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஒரு நாள் போயிட்டு வந்துடலாமாடா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஒரு நாளா? முன்னாடி நாள் எங்கே தங்கறோம், அதைச் சொல்லு முதல்ல!"