தெருவுக்கு வடக்கு

பரமத்தி வேலூர் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். அக்கரை ஊராட்சி ஒன்றின் வழக்கு ஹைகோர்ட்டுக்கு வந்தால், 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். இக்கரை வழக்குக்குச் சென்னை. இரு கரையிலும் தெருச் சண்டை என்னவோ ஒன்றுதான். நான் இக்கரைக்காரன். பரமத்தி வேலூர் சுற்றுவட்டாரத்துப் பேரூராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் சென்னையில் இரண்டாம் மேல்முறையீடு நடத்துவது என் தொழில்.

வருகிற வழக்குகளில் பாதி ஒரே அச்சு. ஒருவர் திண்ணையையோ கடைச் சார்ப்பையோ தெருவுக்குள் நீட்டியிருப்பார். பேரூராட்சி நோட்டீஸ் கொடுக்கும். அவர் முன்சீப் கோர்ட்டில் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டுப் பிராது போடுவார். அங்கும் சப் கோர்ட்டிலும் பேரூராட்சி தோற்ற பிறகு கட்டு என் மேசைக்கு வரும். கட்டோடு வரும் செயல் அலுவலர், வழக்கு நடந்தபோது இருந்தவராக இருக்க மாட்டார். பெரும்பாலும் அந்தத் தெருவையே பார்த்திருக்க மாட்டார். என்னைப் பொறுத்தவரை கட்சிக்காரர் அந்தக் கட்டுதான்.

தீர்ப்பைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் வாதியின் கிரயப் பத்திரம், பிறகு அதன் மூலப் பத்திரம். ஒரு கட்டில் செக்குபந்தி எல்லாப் பத்திரத்திலும் ஒன்றுபோல, ‘தெருவுக்கு வடக்கு, கோயில் மதிலுக்குத் தெற்கு’ என்றிருந்தது. தென்வடல் அளவு மட்டும் மூலப் பத்திரத்தில் 40 அடி, மகன் காலத்துப் பாகப்பிரிவினையில் 43, பேரன் எழுதிக் கொடுத்த கிரயத்தில் 46. கோயில் மதில் நகரவில்லை. அப்படியானால் ஆறு அடியும் தெற்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அளவும் எல்லையும் முரண்பட்டால் எல்லைதான் நிற்கும் என்பது கோர்ட்டுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். பிடிக்கட்டும். எல்லை தெருதான், அந்தத் தெரு எங்கே தொடங்குகிறது? அதைப் பேரனின் பத்திரம் சொல்லாது, அ-பதிவேடும் புல வரைபடமும்தான் சொல்லும். அவை கீழ்க் கோர்ட்டிலேயே சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால் எனக்குப் பெரிய நிம்மதி. பல கட்டுகளில் அட்வகேட் கமிஷனர் சர்வேயர் துணையில்லாமல் டேப் பிடித்து வரைந்த படம்தான் இருக்கும். மேல்முறையீட்டில் புது ஆவணம் சேர்க்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை 27-ஆம் விதி இடம் கொடுக்கிறது. ஆனால், “தாலுகா ஆபீசில் இருந்த ஆவணத்தை முன்பே ஏன் போடவில்லை?” என்று நீதிபதி கேட்டால் சொல்வதற்குப் பதில் வேண்டும்.

1976 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் மேல்முறையீட்டுக்கு இடம் தரும் அதே சட்டத்தின் 100-ஆம் பிரிவின் வாசல் குறுகிவிட்டது. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். சாட்சியை நம்பியது தவறு என்ற வாதம் எடுபடாது. உரிமைப் பத்திரத்துக்குக் கீழ்க் கோர்ட் பிழையாகப் பொருள் கொண்டது என்றால் எடுபடும். 40 அடி 46 ஆன கதையை அந்த ஒரு கேள்வியாகச் சுருக்கி எழுதுவதில்தான் என் உழைப்பில் பெரும்பங்கு போகிறது.

கெடு 90 நாள். நகலுக்கு ஆகும் நாட்களைச் சட்டம் கழித்துவிடும். நகல் மனு போட்டிருந்தால்தான் அதுவும். பேரூராட்சிக் கோப்போ மன்றத் தீர்மானம், உதவி இயக்குநர், சட்டக் கருத்து என்று நடந்து வரும். அரசுக்கென்று தனிக் கெடு கிடையாது என்று லிவிங் மீடியா வழக்கில் 2012-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லிவிட்டது. பறிபோன பொதுத் தெருவை மீட்க உள்ளாட்சி வழக்குப் போடுவதற்கு மட்டும் காலவரையறைச் சட்டம் 30 வருஷம் கொடுக்கிறது. அந்தத் தாராளத்தில் பழகியவர்களுக்கு 90 நாள் புரிவதில்லை. “தீர்ப்பு சொன்ன அன்னைக்கே நகல் மனு போட்டுருங்க சார், தீர்மானம் பின்னால வரட்டும்” என்று ஒவ்வொரு புது அலுவலரிடமும் சொல்கிறேன்.

சில கட்டுகளைத் தாக்கல் செய்யாமலே திருப்பி அனுப்புவேன். சாக்கடை கட்டச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து, நிதி இல்லை என்பதையே காரணமாக எழுதிக்கொண்டு வருவார்கள். ரத்லம் நகராட்சி அதைச் சொல்லித்தான் 1980-இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ணய்யரிடம் தோற்றது. “மன்றத்துல கேட்டா என்னங்க சொல்றது?” என்பார் அலுவலர். கவுன்சிலர்கள் தாங்களே படித்துக்கொள்ளும்படி, ரத்லம் விவரத்தோடு சட்டக் கருத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.