போன பெட்டியோடு போனது என்ன?

டிடெக்டரை மாற்றியதும் எச்பிஎல்சி கருவி முழுவதும் வாயடைத்துப் போனால், புதிதாக வந்த பெட்டியைச் சந்தேகிக்கும் முன் கழற்றி வைத்த பெட்டியைப் போய்ப் பாருங்கள். மருந்து ஆய்வகங்களில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆய்வகத்தில் கற்றுக்கொண்டது இது. வீட்டிலும் எனக்கு உதவியிருக்கிறது.

கருவியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பம்ப் கரைப்பானை அழுத்தித் தள்ளுகிறது. ஆட்டோசாம்ப்ளர் அந்த ஓட்டத்தில் மருந்துக் கரைசலைச் சில மைக்ரோலிட்டர் சேர்க்கிறது. நுண்துகள்கள் அடைத்த எஃகுக் குழல் ஒன்று கலவையைப் பொருள் பொருளாகப் பிரிக்கிறது. பிரிந்து வரும் ஒவ்வொன்றையும் டிடெக்டர் அளந்து கணினிக்குச் சொல்கிறது. அட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையில் அவ்வளவு மருந்து இருக்கிறதா என்பதற்கு இந்த அளவுதான் சாட்சி.

1995-இல் ஹியூலட்-பேக்கர்ட் நிறுவனம் 1100 வரிசைக் கருவிகளைக் கொண்டுவந்தது. 1999-இல் அதன் அளவைக் கருவிப் பிரிவு அஜிலென்ட் என்று தனியாகப் போனது. கருவியின் முன்பலகையில் பெயர் மாறியது, உள்ளே அதே கட்டமைப்பு தொடர்ந்தது. கல்லூரிகளிலும் சிறிய நிறுவனங்களிலும் இவற்றைப் பராமரித்து இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. புதிது வாங்கப் பணமில்லாத இடத்தில் நல்ல அளவு எடுக்க இந்தக் கருவிகள்தான் வழி.

1100-இல் ஒவ்வொரு பகுதியும் தனிப் பெட்டி. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, பின்புறம் கேன் கேபிள்களால் வரிசையாகக் கோத்திருப்பார்கள். கேன் என்பது கார்களின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் அறிமுகப்படுத்திய முறை. அது ஆய்வக மேசைக்கும் வந்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பெட்டிகள் தங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்ளும். ஆனால் கணினியோடு பேசுவது அடுக்கில் ஒரே ஒரு பெட்டிதான். அதன் பின்புறத்துத் துளையில் ஒரு லேன் கார்டு செருகியிருக்கும். அந்தக் கார்டை டிடெக்டரில் வைக்கச் சொல்வார்கள், காரணம் இருக்கிறது. டையோடு அரே டிடெக்டரில் 1024 டையோடுகள் வரிசையாக நின்று 190 முதல் 950 நானோமீட்டர் வரை ஒளியைப் பார்க்கின்றன. நொடிக்குப் பலமுறை ஒரு முழு நிறமாலையே கணினிக்குப் போக வேண்டும். பம்ப் சொல்லும் அழுத்தமும் ஓட்ட வேகமும் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அதிகம் பேசுகிறவரிடம் வாசலைக் கொடுத்தார்கள்.

டிடெக்டரைக் கழற்றினால் வாசலும் சேர்ந்து போய்விடும் என்று இப்போது புரிந்திருக்கும். பம்பிலும் ஆட்டோசாம்ப்ளரிலும் விளக்கு எரியும், எதிலும் பழுது இருக்காது, ஆனால் கணினி எல்லாவற்றையும் இணைப்பு இல்லை என்று காட்டும். பெட்டியின் முகப்பில் டிடெக்டர் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. இந்த அடுக்கின் பேச்சு முழுவதும் இதன் வழியாகத்தான் போகிறது என்று எங்கும் எழுதியிருக்காது.

ஒரு நிறுவனத்தில் இதே நிலையில் என்னை அழைத்தார்கள். கேபிளை மாற்றியிருந்தார்கள், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவியிருந்தார்கள். புதிய டிடெக்டர் செத்துப்போய் வந்திருக்கிறது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பக் கடிதமும் தயாராக இருந்தது.

“தம்பி, பழைய டிடெக்டர் எங்கே?”

“அது ஸ்டோருக்குப் போயிடுச்சு சார். லாம்ப் போனது, எலக்ட்ரானிக்ஸும் சரியில்ல. ஸ்கிராப்னு எழுதிட்டோம்.”

“அதை ஒரு தடவை இங்க கொண்டு வரச் சொல்லுங்க.”

வந்தது. லேன் கார்டு அதன் முதுகிலேயே இருந்தது. எல்லாப் பெட்டிகளின் மின்சாரத்தையும் அணைத்து, மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு, திருகுகளைக் கழற்றி, கார்டைப் புதிய பெட்டிக்கு மாற்றினோம். அடுக்கு முழுவதும் பேசியது. அந்தத் தம்பி கெட்டிக்காரர். கேபிள், மென்பொருள், டிடெக்டர் என்று வந்ததையெல்லாம் சரியாகவே சோதித்திருந்தார். போனதைச் சோதிக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கார்டை மாற்றினால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஏனென்றால் கணினி தேடுவது டிடெக்டரை இல்லை, கார்டை. ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையில் பதித்த மேக் முகவரி உண்டு. மின்சாரம் வந்ததும் கார்டு தன் மேக் முகவரியைச் சொல்லி, ‘எனக்கு ஐபி முகவரி என்ன?’ என்று வலைப்பின்னலில் கேட்கும். 1985-இல் வகுத்த பூட்பி என்ற முறை இது. கணினியில் ஓடும் பூட்பி சேவை தன் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லும். புதிய டிடெக்டர் தனக்கென ஒரு கார்டோடு வந்திருந்தால் அந்த மேக் முகவரி பட்டியலில் இருக்காது. கார்டு கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் வராது. கார்டின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்துப் பட்டியலில் சேர்த்தால் போதும். பழைய கார்டு வேறு பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் அடுக்குக்கு ஒரு கார்டுதான் வேண்டும்.

பின்னாளில் வந்த டிடெக்டர்களில் லேன் உள்ளேயே இருக்கிறது. அதில் வேறு விதமான சிக்கல். தொழிற்சாலை கொடுத்த ஐபி முகவரி 192.168.254.11. உங்கள் கணினி 192.168.1 என்று தொடங்கும் வரிசையில் இருந்தால், நேராகக் கேபிள் போட்டாலும் இரண்டும் ஒன்றையொன்று காணாது. கணினியின் முகவரியைத் தற்காலிகமாக அந்த வரிசைக்கு மாற்றி, பிங் கொடுத்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் கம்பியில் குறையில்லை. அதற்கு மேலும் மென்பொருள் அதைப் பார்க்க மறுத்தால், பெட்டிகளுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் பதிப்பா என்று பார்க்க வேண்டும். 1990-களில் எழுதிய மென்பொருளுக்கு அதற்குப் பின் பிறந்த டிடெக்டரைத் தெரியாது. அது அந்த மென்பொருளின் குற்றமும் இல்லை, டிடெக்டரின் குற்றமும் இல்லை.

இனி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் அம்மா இருந்தவரை அண்ணன் தம்பிகள் நாங்கள் நெருக்கமாக இருப்பதாகவே நினைத்திருந்தோம். அண்ணனுக்குச் சர்க்கரை கூடியது எனக்குத் தெரியும். என் மகளுக்கு வரன் வந்தது தம்பிக்குத் தெரியும். அம்மா போன பிறகு எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, மனக்கசப்பும் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் யாரும் யாரோடும் பேசவில்லை. தம்பி மாறிவிட்டான் என்று நான் நினைத்தேன். அவன் மனைவிதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். புதிதாக வந்தவர்மேல் பழி போடுவது எல்லா இடத்திலும் எளிது. உண்மையில் நாங்கள் ஒருவரோடொருவர் எப்போதுமே பேசியதில்லை. எல்லோரும் அம்மாவிடம் பேசினோம், அம்மா எல்லோரிடமும் சொன்னார். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பெரியக்கா. ‘அம்மா செஞ்சத இனி நான் செய்றேன்டா’ என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் போன் போட ஆரம்பித்தார். நாங்கள் எந்த அறிவுரையும் இல்லாமல், எந்தச் சமாதானப் பேச்சும் இல்லாமல், பழையபடி ஆனோம்.

அதிலிருந்து, ஓய்வு பெறுகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி மாறியது. ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் அலுவலக உத்தரவில் இருப்பதைத்தான் சொல்வார்கள். ‘உங்கள் வழியாக என்னென்ன போகிறது?’ என்று கேளுங்கள். கேஸ் சிலிண்டர் காரருக்கு முதல் நாளே போன் செய்வது யார், இரவுப் பணியாளருக்கு அன்றைய கரைப்பான் தீர்ந்த செய்தியைச் சொல்வது யார், மாலையில் எந்தக் கருவிக்குத் தண்ணீர் ஓட்டிக் கழுவ வேண்டும் என்று புதுப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது யார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பிரிவுபசார விழாவில் சால்வை போர்த்துவதற்கு முன் ஒரு மாதம் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அலுவலகத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். எழுதாத இடங்களில், அவருக்குப் பதிலாக வந்த இளைஞருக்கு விவரம் போதாது என்ற பெயர்தான் கிடைக்கிறது. அது அநியாயம்.

மறுபடி ஆய்வகத்துக்கு வருகிறேன். மற்றக் கருவிகளில் கம்பிதான் வேறு, கேள்வி ஒன்றுதான். ஜிபிஐபி இணைப்பு ஹியூலட்-பேக்கர்டில் 1960-களின் கடைசியில் பிறந்து 1975-இல் ஐஇஇஇ-488 என்ற தரமானது. ஒரு வரிசையில் 15 சாதனங்கள் வரை, மொத்தக் கேபிள் 20 மீட்டருக்கு மேல் கூடாது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 30 வரை தனி எண். வேறு ஆய்வகத்தில் இருந்து வாங்கி வந்த டிடெக்டர் அங்கே வைத்த எண்ணோடுதான் வரும். அந்த எண் உங்கள் பம்பின் எண்ணாக இருந்தால் இரண்டுமே குழம்பும். பின்புறத்து டிப் சுவிட்சைப் பார்த்து எண்ணை மாற்றுங்கள். மாற்றிய பின் அணைத்துப் போடாமல் பல கருவிகள் புதிய எண்ணை எடுத்துக்கொள்ளாது. ஷிமாட்ஸுவின் பழைய எல்சி-10 வரிசையில் பெட்டிகள் ஆப்டிகல் ஃபைபரால் பேசும். அந்த இழையைக் கூர்மையாக மடித்து மேசைக்குப் பின்னால் திணித்தால் ஒளி போகாது.

வேறு நிறுவனத்தின் டிடெக்டரைப் பழைய கருவியோடு சேர்க்கும்போது கணினி இணைப்பே இல்லாமல் சிக்னல் கம்பி மட்டும் கொடுப்பதும் உண்டு. அப்போது ஆட்டோசாம்ப்ளர் ஊசி போட்ட நொடியை டிடெக்டர் பக்கம் சொல்வதற்கு ஒரு ஸ்டார்ட் கம்பி வேண்டும். பழைய டிடெக்டர் போனபோது ரிமோட் கேபிளில் இருந்த இந்த வேலையும் போயிருக்கும். கோடு அழகாக ஓடும், பதிவு மட்டும் தொடங்காது. இன்னொன்று, சிக்னலை வாங்கும் பெட்டி 10 மில்லிவோல்ட்டுக்கு அமைத்திருந்து டிடெக்டர் 1 வோல்ட் வரை அனுப்பினால், வரைபடத்தில் உச்சிகளின் தலை வெட்டுப்பட்டு மேசைபோல் தட்டையாகிவிடும்.

திரவக் குழாய் இணைப்பையும் மறக்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் துளைக்கு இறுக்கிய எஃகு ஃபெரூல் வளையம், குழாயின் நுனியை அந்தத் துளையின் ஆழத்துக்கே நிறுத்தி வைத்திருக்கும். அதையே வேறு நிறுவனத்தின் துளையில் போட்டால் ஒழுகும், அல்லது உள்ளே ஓர் இடைவெளி விட்டு உச்சிகளை அகலமாக்கும். அழுத்தம் தாங்கும் அளவும் வேறு. 1100-இன் டையோடு அரே டிடெக்டருக்குள் திரவம் ஒளியைக் கடக்கும் சிறு அறையான செல், வழக்கமான வகையில் 120 பார் தாங்கும். அதே வரிசையின் ஒளிவிலகல் டிடெக்டர் 5 பார்தான். அதை எப்போதும் வரிசையின் கடைசியில் வையுங்கள், அதன் வெளிவாயை எதனாலும் அடைக்காதீர்கள்.

குழப்பம் முற்றினால் பழைய டிடெக்டரையே திரும்ப மாட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரியாவிட்டாலும் பரவாயில்லை, இணைப்பு வருகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும். இளையவர்கள் இதைத் தோல்வி என்று எண்ணித் தயங்குகிறார்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது. பழையதில் இணைப்பு வந்தால், கோளாறு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது, தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டு, கேபிள், முகவரி மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி இணைப்பு வந்தால் அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். எது காரணம் என்று தெரியாததால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்த டிடெக்டரைக் கழற்றும் முன் பின்புறத்தைப் படம் எடுங்கள். கேபிள்களின் இரு முனையிலும் சீட்டு ஒட்டுங்கள். டிப் சுவிட்சுகள் நிற்கும் நிலை, ஐபி முகவரி, கார்டின் மேக் முகவரி, ஒவ்வொரு பெட்டியின் ஃபர்ம்வேர் பதிப்பு ஆகியவற்றை லாக் புக்கில் எழுதுங்கள். மாற்றிய பின் புதிய டிடெக்டரின் வரிசை எண்ணும் அதே பக்கத்தில் ஏற வேண்டும். நாளை ஓர் ஆய்வாளர் வந்து இந்த முடிவை எந்தக் கருவி கொடுத்தது என்று கேட்டால் அந்தப் பக்கம்தான் பதில். திரையில் இணைப்பு வந்துவிட்டது என்று உடனே மாதிரிகளை வைத்துவிடாதீர்கள். விளக்கு சூடாகி அடிக்கோடு நிலைக்கட்டும். காஃபீன் கரைசலை ஓடவிட்டு அதன் உச்சம் 273 நானோமீட்டருக்கு அருகில் நிற்கிறதா என்று பாருங்கள். செல்லின் அளவு மாறியிருந்தால் உச்சிகளின் அகலம் மாறும், அதைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். தரக் கரைசலைப் பலமுறை ஊசி ஏற்றி, பரப்பளவு ஒன்றுக்கொன்று ஒத்து வந்த பிறகு மாத்திரைக் கரைசலை வையுங்கள்.