அரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மா செக்கிங் பார்த்தார். வாரத்தில் ஆறு நாளும் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பது தாண்டிவிடும். பிறகு சோறாக்குவது எந்தக் கணக்கிலும் வராது.

எட்டு மணி நேரத்துக்கு முழுக்கூலி, மேலே நான்கு மணிக்கு அரைக்கூலி. கணக்கு சரியென்றுதான் நானும் நினைத்திருந்தேன். சட்டக் கல்லூரியில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 59 படித்த அன்றுதான் உறைத்தது: நாளுக்கு 9 மணி அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் இரட்டைக் கூலி. அம்மாவின் 48 மணி முழு ஷிப்ட்டுகளிலேயே தீர்ந்துவிடும். ஆக, ஒவ்வொரு அரை ஷிப்ட்டுக்கும் முழு ஷிப்ட் கூலி வந்திருக்க வேண்டும்.

சொன்னேன். அம்மா விரல் மடக்கி எண்ணினார்.

"அப்ப, உன்ற பீசுக்கு வட்டிக்கு வாங்கியிருக்க வேண்டாமா, கண்ணு?"