அம்மா கொடுத்த மஞ்சப்பையும் கொழுக்குமலை டென்ட்டும்!

இரவு மணி ஒன்றரை இருக்கும். "அக்கா... மூச்சு விட முடியல" என்று தங்கச்சி என் கையைப் பிடித்தாள். கொழுக்குமலையில் ஒரு சின்ன டென்ட்டுக்குள் படுத்திருந்தோம். 7,000 அடிக்கு மேல் உயரம், டிசம்பர் குளிர். மொபைலில் சிக்னல் இல்லை. சார்ஜ் 9 சதவிகிதம்.

அவள் என் சித்தி பொண்ணு. காலேஜ் முதல் வருஷம். சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. "நான் பார்த்துக்கிறேன் சித்தி" என்று சொல்லி அழைத்துப்போனது நான்தான்.

கிளம்பும் முன் அம்மா ஒரு மஞ்சப்பையைக் கையில் திணித்தார். உள்ளே இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, தாத்தாவின் கம்பளி, கொஞ்சம் பழைய பேப்பர். "ஒரு நைட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ?" என்று சோபாவிலேயே வைத்துவிட்டேன். என் பையில் டிரைபாட், ப்ளூடூத் ஸ்பீக்கர், போட்டோவுக்கென்று வாங்கிய புது டெனிம் ஜாக்கெட் எல்லாம் இருந்தன. இடம் எங்கே இருக்கிறது?

போடிமெட்டு வழியாக சூரியநெல்லி போய், காரை அங்கே நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறினோம். ஜீப்பில் கூட்டம். "பெரிய பையெல்லாம் கார்லயே இருக்கட்டும், நாளைக்குக் காலையில வந்துடப்போறோம்" என்று சொன்னதும் நான்தான். அந்தப் பையில்தான் அவளுடைய இன்ஹேலர் இருந்தது.

உயரம் 1,000 அடி கூடினால் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும். சென்னையில் 21 டிகிரி என்றால், அங்கே 7 டிகிரிதான். ஸ்கூலில் படித்த கணக்கு. பை கட்டும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

டென்ட்டை விட்டு வெளியே ஓடினேன். டார்ச் எடுத்துவரவில்லை. மொபைல் வெளிச்சத்தில் தடுமாறிப்போய், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனை எழுப்பினேன். இரண்டு டென்ட் தள்ளித் தங்கியிருந்த மதுரைக் குடும்பத்தை அவர் எழுப்பினார். அந்த வீட்டு அங்கிளுக்கும் வீசிங். அவரிடம் நீல நிற இன்ஹேலர் இருந்தது. தங்கச்சி பெயரை வாசித்துப் பார்த்து, "அதேதான்க்கா" என்று தலையாட்டினாள். அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு சீரானது. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

டிரைவர் அண்ணன் இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பிரித்து எங்கள் பாய்க்கு அடியில் விரித்தார். "மேல எத்தனை போர்த்தினாலும் பத்தாதும்மா. குளிரு தரையிலிருந்துதான் ஏறும்" என்றார். அம்மா ஏன் பழைய பேப்பர் வைத்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

விடிந்ததும் எல்லோரும் மேகத்துக்கு மேல் எழுந்த சூரியனைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைபாடை வெளியே எடுக்கவே இல்லை.

இப்போதெல்லாம் கேம்பிங் என்றால், ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்துத்தான் பை கட்டுகிறேன். முதலில் மருந்து. அது பெரிய பைக்குள் போகாது. அவரவர் இடுப்புப் பையில் இருக்கும். அடுத்து, தரையில் விரிக்கத் தடிமனான ஃபோம் மேட். வியர்வையிலும் பனியிலும் நனைந்த காட்டன் துணி சீக்கிரம் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். அதனால் கம்பளி ஸ்வெட்டரும், படுக்கும்போது மாற்ற ஒரு செட் காய்ந்த துணியும் சாக்ஸும் பாலிதீன் கவரில் சுற்றி வைப்பேன். தலையில் மாட்டும் டார்ச், ஒரு விசில். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் மொபைலையும் பவர் பேங்கையும் போர்வைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஊருக்கு வந்ததும் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இனிமே ரெண்டு இன்ஹேலர் கொடுத்து விடுறேன். ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மாதம் ஏற்காடு போகிறோம். அவருடைய இன்ஹேலர் இப்போதே என் இடுப்புப் பையில் இருக்கிறது. மஞ்சப்பையை எங்கே வைத்தார் என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.