மூன்றாம் மாடி பியானோ ரீச்சர்

லைப்சிக் நகரத்துக்கு வாறவையை நாங்கள் வழக்கமாக இரண்டு இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். ஒன்று, இசைமேதை பாஹ் 1723 முதல் 1750இல் சாகும்வரை வேலை செய்த தோமஸ் தேவாலயம். மற்றது, 1989இல் கிழக்கு ஜேர்மனி அரசை அசைத்த ஊர்வலங்கள் தொடங்கின நிக்கொலாய் தேவாலயம். போன கோடையில் லண்டனில இருந்து மச்சாள் குடும்பம் வந்தபோது மூன்றாவதாக ஒரு இடத்துக்கும் போனோம். இன்சல் வீதி, 18ஆம் இலக்க வீடு. அதை எனக்கு முதலில் காட்டினவ என் மகளின் பியானோ ரீச்சர். அவவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ரீச்சர் இருப்பது கோலிஸ் பகுதியில், பழைய கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். லிப்ட் இல்லை. எழுபது வயது தாண்டியும் கடைச் சாமானோடு தானே ஏறி வருவா. வகுப்பு நாலரைக்கு என்றால் நாலரைதான். பத்து நிமிடம் முந்திப் போய் மணி அடித்தாலும் கதவு திறக்காது. உள்ளே போனதும் சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, நகத்தைக் காட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் மேசையில் நகவெட்டி தயாராக இருக்கும். ஊரில எங்கட சங்கீத ரீச்சரும் இப்படித்தான். முதல் நாளே எனக்கு அவவைப் பிடித்துப் போனது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. சோதினை.

நான் யாழ்ப்பாணத்தில் வீணை படித்தவள். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினையில் நாலாம் தரம் வரை பாஸ் பண்ணியிருந்தேன். ஐந்தாம் தரத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது 1995 ஒக்ரோபர் வந்தது. வலிகாமம் முழுக்க இரவோடிரவாக இடம்பெயர்ந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தூக்கிக்கொண்டு போக முடிந்ததைத்தான் தூக்கினோம். வீணை வீட்டிலேயே நின்றுவிட்டது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற எங்கட பிள்ளைகளுக்குப் பியானோ என்றால் கிரேட்தான் கணக்கு. போனில் சுகம் விசாரிக்கும்போதே "எத்தனையாம் கிரேட்?" என்று கேட்டுவிடுவார்கள். ஜேர்மனியில் அந்த வழக்கம் குறைவு. 1963 முதல் நடக்கிற 'யூகென்ட் மூசிட்சியர்ட்' மாதிரிப் போட்டிகள் உண்டு, இசைப் பள்ளிகளில் பிள்ளைகள் பெற்றோர் முன் வாசித்துக் காட்டும் நாட்கள் உண்டு. வருடா வருடம் சேர்டிபிகேற் கிடையாது. எனக்கு அது போதவில்லை.

"எப்ப ஒரு சோதினைக்கு விடுவீங்கள்?" என்று ரீச்சரைக் கேட்டேன்.

"பிள்ளை கேட்டதோ, நீங்கள் கேட்கிறீங்களோ?" என்றா.

நான் மழுப்பிவிட்டு, லண்டனில இருந்து கிரேட் புத்தகங்களை எடுப்பித்து வீட்டில் நானே பழக்கத் தொடங்கினேன். அவள் வாசிப்பதை வீடியோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில் போடுவேன். "இன்றைக்கு நான் புதுப் பாட்டு ஒன்று வாசித்தேன்" என்று அவள் பெயரில் நானே எழுதுவேன். கொஞ்ச நாளில் வகுப்பு நாட்களில் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வரத் தொடங்கியது. ஒருநாள், "அம்மா, எனக்குப் பியானோ வேண்டாம்" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

அடுத்த வகுப்புக்கு நான் தனியே போனேன். ரீச்சர் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுத் தன் கதையைச் சொன்னா.

அவ ஒரு போதகரின் மகள். பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் 'ஒன்று'. இங்கே ஒன்றுதான் ஆகத் திறம். ஆனால் அந்தக் காலக் கிழக்கு ஜேர்மனியில் போதகரின் பிள்ளைகள் பலருக்கு மேல் வகுப்புக் கதவு திறக்கவில்லை. அவவுக்கும் திறக்கவில்லை. லைப்சிக்கில் 1853இல் தொடங்கின புளூத்னர் பியானோத் தொழிற்சாலையில் வேலை பழகினா. பிறகு தேவாலயத்தின் இசைப் பள்ளியில் படித்து, ஓர்கன் வாசித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினா. 1989 ஒக்ரோபர் 9ஆம் திகதி எழுபதாயிரம் பேரளவில் நகரத்தைச் சுற்றி நடந்தபோது, சுடுவார்களோ என்ற பயத்தோடு அவவும் நடந்திருக்கிறா.

"என்ர சேர்டிபிகேற் எல்லாம் அந்த லாச்சிக்குள்ள கிடக்கு," என்றா. "ஒன்றும் கதவைத் திறக்கேல்லை. கை பழகினது மட்டும்தான் கூட வந்தது."

அடுத்த ஞாயிறு எங்கள் இரண்டு பேரையும் இன்சல் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனா. இசையமைப்பாளர் ரொபேர்ட் ஷூமனும் பியானோ மேதை கிளாராவும் 1840இல் கலியாணம் முடித்துக் குடிவந்த வீடு அது. இப்போது அருங்காட்சியகம். அதே கட்டிடத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியும் நடக்கிறது.

கிளாராவின் அப்பா பிரீட்ரிக் வீக்கும் இந்த ஊர்ப் பியானோ ஆசிரியர்தான். கெட்டிக்காரர். ஷூமனும் அவரிடம் படித்தவர். மகளை ஒன்பது வயதில் மேடையேற்றினார். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஒரு நாட்குறிப்புத் தொடங்கி, அதில் "நான்", "என் அப்பா" என்று மகள் பேசுவது போலத் தானே எழுதினாராம். கடைசியில் அப்பாவின் சம்மதம் கிடைக்காமல், நீதிமன்றம் ஏறித்தான் கிளாராவின் கலியாணம் நடந்தது. அவரின் 21ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள்.

ரீச்சர் இதைக் கதை மாதிரித்தான் சொன்னா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வட்ஸ்அப் விஷயம் அவவுக்குத் தெரியவும் தெரியாது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகள் என்னை ஒருக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ட்ராமுக்கு நிற்கும்போது ரீச்சரிடம் வீணைக் கதையைச் சொன்னேன். ஜேர்மன் மொழியில் அதை யாருக்கும் சொன்னது அதுதான் முதல் தரம். கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஐந்தாம் தரம் உங்களுக்குத்தானே வேணும்? செவ்வாய் காலையில எனக்கு நேரம் இருக்கு. நகத்தை வெட்டிக்கொண்டு வாங்கோ," என்றா.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நான் போகிறேன். இடது கை இன்னும் சொல்வழி கேட்பதில்லை. மகள் மூன்று மாதம் பியானோவைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, நான் பிழை பிழையாக வாசிப்பதைக் கேட்டுப் பொறுக்க முடியாமல், "தள்ளுங்கோ அம்மா" என்று வந்து இருந்தாள். இப்போது தனக்குப் பிடித்ததை மட்டும் வாசிக்கிறாள். சில கிழமை ஒன்றுமே இல்லை.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மச்சாள் வழக்கம்போலக் கேட்டா: "இப்ப எத்தனையாம் கிரேட்?"

"ஆரைக் கேட்கிறீங்கள் மாமி?" என்றாள் மகள். "என்னையோ, அம்மாவையோ?"