நூற்றில் நாலு

2012இல் வாப்பாவின் இடது பக்கக் கழுத்து நாடி எண்பது வீதம் அடைபட்டிருப்பதாக ஸ்கேன் அறிக்கை சொன்னது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர் நாக்குக் குழறி, வலது கை சோர்ந்து, பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகியிருந்தது. வாயு என்று உம்மா தைலம் தடவிவிட்டார். வரப்போகும் பாரிசவாதத்தின் முன்னறிவித்தல் என்றார் வைத்தியர்.

வழிகள் இரண்டு. கழுத்தைக் கீறி நாடியைத் திறந்து, படிந்த கொழுப்பை அகற்றுவது 1950களிலிருந்து நடைபெறும் சத்திரசிகிச்சை. தொடை நாடியூடாக நுண்குழாயைச் செலுத்தி, ஸ்டென்ட் எனும் உலோக வலைக்குழாயை விரித்து வைப்பது பின்னர் வந்தது. காக்காவும் ராத்தாவும் ஸ்டென்டையே விரும்பினார்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் சில நாட்களில் பள்ளிக்கு வந்து தொழுவதைக் கண்டவர்கள் நாங்கள்.

ஆனால் கழுத்தில் கம்பி அடைப்பைக் கடக்கும்போது உதிரும் துணுக்கு நேரே மூளைக்குச் செல்லும். வடிகட்டி வைத்தாலும் எல்லாம் அகப்படுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,502 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தோரில் 4.1 வீதத்தினருக்கும் சத்திரசிகிச்சை பெற்றோரில் 2.3 வீதத்தினருக்கும் பாரிசவாதம் ஏற்பட்டது. மாரடைப்பு மறுதலையானது: 1.1, 2.3. பாரிசவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றையும் சேர்த்த நான்காண்டுக் கணக்கில் (7.2, 6.8) பெரிய வித்தியாசமில்லை. எனினும் ஏறத்தாழ எழுபது வயதைத் தாண்டியோருக்குச் சத்திரசிகிச்சையே மேலாக இருந்தது.

வாப்பாவுக்கு 74. இதயம் நன்றாக இருந்தது. வைத்தியர் கணக்கைச் சொன்னார். நாற்பது வருடம் கடை நடத்திய வாப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மௌத்தாகிறதுக்குப் பயமில்ல மகன். பேச்சுப் போய்க் கிடந்தா கலிமா சொல்லேலாதே."

சத்திரசிகிச்சை நடந்தது. சில கிழமைகள் குரல் கம்மியிருந்தது; பின் தெளிந்தது. 2018இல், நாங்கள் சொல்லிக்கொடுக்காமலே கலிமாவைச் சொல்லி மௌத்தானார்.

அறிகுறி தோன்றாதவர்களின் கதை வேறு. அத்தகைய 3,625 பேரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வில், சிகிச்சை நாட்களைத் தாண்டிய ஐந்தாண்டுகளில் உயிரைப் பறிக்கும் அல்லது முடமாக்கும் பாரிசவாதம் இரு சாராரிலும் 2.5 வீதமே.

ஸ்டென்ட் நல்லதா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வயதென்ன, அறிகுறி வந்ததா, வந்து எத்தனை நாள், செய்யப்போகிறவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று திருப்பிக் கேட்கிறேன். நோயாளி எதற்கு அதிகம் பயப்படுகிறார் என்பதையும் கேட்கிறேன். அதை வீட்டார் எவரும் அநேகமாகக் கேட்டிருப்பதில்லை.